சின்னவன் செய்து அனுப்பியது

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. அப்பாவும் பிள்ளைகளும் நானும் சுகமாக இருக்கிறோம். அங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது என்று எழுதியிருந்தாய். தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா? வெந்நீர் கிடைக்கிறதா?

பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததை மாதம் ஒன்று அனுப்பச் சொன்னாய் அல்லவா, முதல் மாதத்துடையதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அப்பா அச்சகத்தில் வெட்டி மிச்சமான காகிதத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். "குப்பைக்குப் போறதுதான், ஆனாலும் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

பெரியவள் பென்சில் சீவல்களை ஒட்டி ஒரு பெண்ணுக்குக் கவுன் செய்திருக்கிறாள். அதற்காக இரண்டு புதுப் பென்சில்களைச் சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "எழுதறதுக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி" என்றார் அப்பா.

சின்னவன் செய்தது பூனை. கத்தரிக்கோலைத் தரப் பயமாக இருந்தது, பச்சைத் தாளைக் கையாலேயே கிழித்து ஒட்டினான். நீ எண்ணிப் பார்ப்பாய் என்று தெரியும், ஐந்து கால்கள்தான். பெரியவள் விடவில்லை.

"பூனைக்கு நாலு கால்தான்டா."

"இது வேகமா ஓடுற பூனை."

அவள் பென்சில் சீவலுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

பசை காய்வதற்குள் "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டான். ரெண்டு வருஷம் என்றேன். "அது நாளைக்கா?" என்றான். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன்.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடிதத்தில் என்றால் எனக்குத் தொண்டை அடைப்பதில்லை, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 27

என் மௌனசாமிக்கு,

அக்காவின் முத்தம். தொண்டை திறந்துவிட்டது, இப்போது இருமல் மட்டும். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவிடாதே.

பூனை வந்து சேர்ந்தது. எங்கள் அறையில் ஆறு கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்று. எனக்கென்று உள்ள இடம் அலமாரிக் கதவின் உட்புறம்தான். அங்கே ஒட்டிவிட்டேன். காலையில் சீருடை எடுக்கக் கதவைத் திறந்தால் முதலில் அவன், பிறகு அவள். மேல் கட்டிலில் ஒரு அக்கா இருக்கிறார். இங்கே வருவதற்கு முன் பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்தவர். ஆளே பயமுறுத்துகிற மாதிரி இருப்பார், பூனையைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷம் சிரித்தார். "உன் பையன் பிழைச்சுக்குவான்" என்றார்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வரும். நாங்கள் தேய்த்து மடித்துக்கொண்டே இருப்போம். எத்தனை பேர் படுத்து எழுந்ததோ, ஒருவர் முகமும் தெரியாது.

ஒரு விஷயம் சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. இனிமேல் போன் வேண்டாம். போன ஞாயிறு அவன் "வா வா" என்று அழுதானே, அன்று முழுக்க என் கை வேலையில் இல்லை. ஒரு விரிப்பில் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு நின்றிருக்கிறேன், புகை வந்த பிறகுதான் தெரிந்தது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளின் அப்பா உயிரோடு இருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன். கடிதம் போதும். அவன் கைபட்ட தாள் வந்தால் போதும், அதில் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

படத்தின் பின்னால் தேதி எழுது. நீ கடைக்குப் போய் வாய் திறந்து பொருள் கேட்கிறாயா, இல்லை இன்னும் சீட்டில் எழுதி நீட்டுகிறாயா?

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இருமல் நின்றதா? அப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறார், தேய்த்த கையோடு செய்தித்தாளைத் தொட்டு எல்லாப் பக்கத்தையும் கண்ணாடி ஆக்குகிறார்.

சின்னவனைப் பாலர் வகுப்பில் சேர்த்துவிட்டோம். இரண்டு நாள் அழுதான், மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் நல்லவர். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை வீட்டில் நான் மட்டும்தான். குழாய் சொட்டுவது கேட்கிறது.

போன மாதம் சேர்க்கை அலைச்சலில் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. இந்த மாதம் வெண்டைக்காய் முத்திரை. காம்புப் பக்கம் வெட்டிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் வைத்தால் ஐந்து இதழ்ப் பூ வரும். பெரியவள் பூக்களை வரிசையாக வைத்து அதற்குத் தண்டும் வரைந்திருக்கிறாள். சின்னவனும் ஒன்று செய்தான். அவனுடையது மஞ்சள் பூனை, வாயில் பூ வைத்திருக்கிறது. இதற்கும் ஐந்து கால்தான்.

கடையில் வாய் திறந்துதான் கேட்கிறேன், ஆனால் கூட்டம் போன பிறகு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 9 (அனுப்பாதது)

அக்கா,

மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இது வேறு தாள். இதை அனுப்ப மாட்டேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கேயாவது சொல்ல வேண்டும்.

மஞ்சள் பூனையைச் சின்னவன் செய்யவில்லை. நான் செய்தேன்.

பாலர் வகுப்பில் சேர்த்த அன்று டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்கதான் அம்மாவா? இவ்ளோ சின்னப் பொண்ணா இருக்கீங்களே" என்றார். பின்னால் நாலைந்து பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் அம்மா எங்கே, அப்பா எங்கே, நீ ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான் அக்கா. ஒரு தலையாட்டல்.

அன்று மதியம் நான் வாசலில் போய் நின்றதும் டீச்சர் உள்ளே திரும்பி, "உன் அம்மா வந்துட்டாங்க பாரு" என்றார். அவன் ஓடி வந்தான். தினமும் அப்படித்தான் சொல்கிறார். பத்தாவது நாள் அவனே தெருவில் "அம்மா, தூக்கு" என்றான். "சித்திடா" என்றேன். "டீச்சர் அம்மான்னு சொன்னாங்க" என்றான். டீச்சர் சொல்லுக்கு மேல் அவனுக்கு எதுவும் இல்லை.

நேற்றுப் பசையும் தாளும் எடுத்து வைத்து, "வா, அம்மாவுக்குப் பூ முத்திரை வைக்கலாம்" என்று கூப்பிட்டேன். "எந்த அம்மா?" என்றான். பெரியவள்தான் "முன்னாடி போன்ல பேசுவாங்கல்ல, நம்ம அம்மா" என்றாள். அவன் தாளை எடுத்து நடுவில் கிழித்தான். "அது அழுற அம்மா. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயைக் கடித்துத் துப்பினான்.

கைபட்ட தாள் வந்தால் போதும் என்று நீ எழுதியது எனக்கு மனப்பாடம். வெறும் உறையை அனுப்ப மனது வரவில்லை. இன்று அவர்கள் போன பிறகு இடது கையால் தாளைக் கிழித்தேன். அவன் எப்படி ஒட்டுவான் என்று தெரியும், பசையை நடுவில் குவிப்பான், ஓரத்தில் வைக்கவே மாட்டான். என் விரல் ரேகை பெரிதாகத் தெரியக்கூடாது என்று சுண்டுவிரலால் பசை தொட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அவனையே செய்யவைத்துவிடுவேன்.


மே 2

என் மௌனசாமிக்கு,

எல்லோரும் சுகம்தானே? இருமல் போய் இப்போது முதுகு. ஒன்று போனால் ஒன்று, தனியாக விடுவதே இல்லை.

நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா, மஞ்சள் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாயில் பூவோடு! மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மாவுக்குப் பூ கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே. உண்மையைச் சொல்கிறேன். அது வந்த அன்று காலையில்தான் இனி முடியாது, ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எதுவும் நடக்கவில்லை. சும்மா, முடியவில்லை. மதியம் கடிதம் வந்தது. பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினேன்.

பச்சையை இடப்பக்கம் நகர்த்தி மஞ்சளை நடுவில் ஒட்டியிருக்கிறேன். பெரியவள் கோபித்துக்கொள்வாள், அவளிடம் சொல்லாதே. அவள் தண்டு வரைந்தது ரொம்ப அழகு.

அவனுக்கு என் முகம் மறந்துபோய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். இனி பயமில்லை. அவன் செய்யும்போது என்ன பேசினான் என்பதையும் எழுது. ஒரு சொல்லும் விடாமல்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? தரையில் படுத்தால் வலி குறையும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

போன இரண்டு மாதமும் கடிதம் எழுத முடியவில்லை, படங்களை மட்டும் உறையில் போட்டேன். மன்னித்துக்கொள். இந்த மாதம் முட்டை ஓடு. ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்கிச் சாயம் போட்டு ஒட்ட வேண்டும். பெரியவள் ஒரு வீடு செய்திருக்கிறாள், அதில் ஜன்னலுக்குக் கம்பிகூட உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் தந்தாள்.

சின்னவன் செய்தது மீன். என்ன பேசினான் என்று கேட்டாய். "இது அம்மாகிட்ட நீந்திப் போகும்" என்றான்.

தபால் நிலையத்தில் உறை வாங்கும் அம்மாள் என்னைப் பார்த்ததும் உறையை வாங்கித் தடவிப் பார்த்து, "இன்னிக்கு என்ன கண்ணு, முட்டையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அதை யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். மணி பத்துதான் ஆகியிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


அக்டோபர் 4

தங்கைக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மனசு சரியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று விடுமுறை. அலமாரிக்கு வண்ணம் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் எடுங்கள் என்றார்கள். படங்களைக் கட்டிலில் பரப்பினேன். மேல் கட்டில் அக்கா இறங்கி வந்து பின்னால் இருந்த தேதியைப் பார்த்து வரிசையாக அடுக்கினார். பெரியவளுடையது ஒரு வரிசை, சின்னவனுடையது ஒரு வரிசை. அவளுடையதைப் பார்த்தால் மாசத்துக்கு மாசம் பிள்ளை வளர்வது தெரிகிறது. சின்னவனுடையதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பையனுக்கு இப்ப என்ன வயசு?"

"நாலு ஆகப் போகுதுக்கா."

"பிப்ரவரில எப்படி ஒட்டினானோ அப்படியேதான் ஒட்றான். பசையை இன்னும் நடுவுலதான் கொட்றான். கத்தரியே பிடிக்கல. இந்த வயசுப் பிள்ளைங்க மாசம் ஒரு கை மாறும்டி. இவன் கை நின்னுபோயிருக்கு."

இரண்டு வயதில் அவனுக்குக் காய்ச்சலில் ஜன்னி வந்ததே, நினைவிருக்கிறதா? விடியட்டும் என்று நான்தான் தாமதம் பண்ணினேன். டாக்டர் அன்றைக்கே சொன்னார், "பின்னாடி எதாவது தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க" என்று. அதை நான் உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விமானம் ஏறினேன்.

பேச்சு எப்படி இருக்கிறது? கூப்பிட்டால் திரும்புகிறானா? நான் பயப்படுவேன் என்று நீ மறைக்கிறாய். உன் கடிதங்கள் சிறிதாகிக்கொண்டே வருவதை நான் பார்க்காமல் இல்லை.

வேலையை விடப்போகிறேன். ஒப்பந்தத்தை முறித்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள், தெரியும். மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் எனக்கு உண்மையை எழுது. அவனுக்கு என்ன?

அக்கா


அக்டோபர் 15

அக்காவுக்கு,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது.

அவனுக்கு ஒன்றுமில்லை. கோட்டில் பிசகாமல் வெட்டுகிறான். முப்பதுவரை எண்ணுகிறான், பதினேழை மட்டும் தினமும் விட்டுவிடுகிறான். நேற்று அப்பா தூங்கும்போது அவர் வேட்டி நுனியை நாற்காலிக் காலில் முடிச்சுப் போட்டுவிட்டான். அப்பா எழுந்து நாற்காலியோடு நடந்தார். அவன் பேசுவதை நிறுத்தினால்தான் டாக்டரிடம் போக வேண்டும். அவன் கை நின்றுபோகவில்லை. அது அவன் கையே இல்லை.

ஏப்ரலில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த தாளையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

பச்சைப் பூனை மட்டும் அவனுடையது. மற்ற எல்லாமே நான். பிப்ரவரிப் பூனையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அதற்குப் பிறகு அவன் எப்படி வளர்ந்தான் என்று இடது கைக்கு எப்படித் தெரியும்? அவன் தினமும் என் கண்ணெதிரில்தான் வளர்ந்தான். தாளில் அவனை மூன்று வயதிலேயே நிறுத்திவைத்திருந்தேன். எனக்கு அது தோன்றவேயில்லை.

மீன் நீந்திப் போகும் என்று அவன் சொல்லவில்லை. அவன் அன்று என்னிடம், "நீ ஏன் என்னை மாதிரி கிழிக்கிற?" என்று கேட்டான். அன்று வகுப்பைச் சீக்கிரமே விட்டு ஆயா வீட்டில் கொண்டுவந்து விட்டார், பார்த்துவிட்டான்.

நீ பெட்டியை உள்ளே தள்ளினேன் என்று எழுதினாய். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. இது ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்தான்.

அவன் என்னை அம்மா என்கிறான். முதல் சில நாள் திருத்தினேன். பிறகு திருத்தவில்லை. மறதியால் அல்ல. ஒரு மணிக்கு அந்த வாசலில் நின்றால் இருபது பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் என்னைத் தேடி அப்படிக் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். அதற்கு முன் என்னை யாரும் கத்திக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவில்கூட நான் எழுந்து நிற்பதற்குள் டீச்சர் அடுத்த பெண்ணுக்குப் போய்விடுவார். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை இந்த வீட்டில் உட்கார்ந்து அந்தக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறேன். அது உன்னுடையது. தெரிந்தே எடுத்துக்கொண்டேன்.

வேலையை விடாதே. விடுவதாக இருந்தால் இந்தப் பொய்க்காக விடாதே.

திட்ட வேண்டும் என்றால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தங்கை


நவம்பர் 28

அம்மாவுக்குப் பெரியவள் எழுதுவது,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? இந்தக் கடிதத்த நானே எழுதறேன், சித்திக்குத் தெரியாது. தாத்தா உறை வாங்கித் தந்தாரு.

அம்மா நீ சித்திகூட டூவா? தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா சித்தி ஓடிப் போய் கதவுகிட்ட நிக்கறா. அவர் நம்ம வீட்டத் தாண்டிப் போனதும் கதவத் துடைக்கற மாதிரி துடைக்கறா. கதவு இப்ப ரொம்ப சுத்தமா இருக்கு. பசை காய்ச்சறதே இல்ல. தாத்தா கொண்டுவந்த தாள் எல்லாம் பையிலயே இருக்கு. நான் கேட்டா "நீயே பண்ணு கண்ணு"ன்னு சொல்றா. தனியா பண்ணா போர் அடிக்குது.

சின்னவன் சித்திய அம்மான்னு கூப்பிடறான். நான் கூப்பிடல. ஒரு தடவகூட இல்ல. சத்தியமா.

இந்த உறையில இருக்கற பட்டாம்பூச்சி நான் பண்ணது. நீ எல்லாத்தையும் சந்தேகப்படுவேன்னு தாத்தா கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்.

பெரியவள்


டிசம்பர் 19

தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை. அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் மாதக் கடைசிக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. வேலையை விடுவதாக எழுதிவைத்திருந்த தாளைக் கிழித்தேன். உனக்கு எழுதிய மூன்று கடிதங்களையும் கிழித்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று கேட்காதே. நீ படித்திருந்தால் எனக்குத் தங்கை இருந்திருக்க மாட்டாள்.

அலமாரிக் கதவில் பச்சைப் பூனையும் பெரியவளுடைய படங்களும் மட்டும் இருக்கின்றன. நீ செய்தவை பெட்டிக்குள். தூக்கி எறியப் போனேன், மேல் கட்டில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் ஒரு பிள்ளை செஞ்சதுதான்டி" என்றார். உனக்குப் பதினாறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன்னிடம் இரண்டு பிள்ளைகளையும் ஒரு வீட்டையும் கொடுத்துவிட்டு, கடையில் வாய் திறக்கிறாயா என்று கேலி பண்ணியிருக்கிறேன். போன் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

நீ ஏன் அதை எடுத்துக்கொண்டாய் என்று எனக்குப் புரிகிறது. இங்கே என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை. சட்டையில் குத்திய எண் வில்லைதான் எனக்குப் பெயர்.

ஆனாலும் கேட்கிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது, உன்னால்தான் அவன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறான், அது தெரிந்தும் கேட்கிறேன். அதை எனக்குத் திருப்பிக் கொடு. நான் வரும்போது அவன் உன்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். என்னை எதுவும் கூப்பிடாவிட்டாலும் சரி. அந்தச் சொல் காலியாக இருந்தால் போதும், நான் வந்து நின்றுகொள்கிறேன்.

அவனை அதட்டாதே. எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் செய்ய வேண்டும்.

பெரியவளிடம் பட்டாம்பூச்சி வந்தது என்று சொல். கையெழுத்து சரிபார்க்கப்பட்டது.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் பிள்ளைகளும் சுகம். நானும் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை.

முதலில் பாலர் வகுப்புக்குப் போனேன். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, அப்படிக் காத்திருந்ததால்தான் இவ்வளவும் ஆனது என்று நினைத்து, கூட்டம் இருக்கும்போதே போய்ச் சொன்னேன்.

"டீச்சர், நான் அவன் அம்மா இல்ல. சித்தி. அவன் அம்மா வெளிநாட்டுல வேலை பார்க்கறாங்க."

குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதைச் சொல்ல ஒரு வருஷமா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளிலிருந்து "உன் சித்தி வந்துட்டாங்க" என்கிறார்.

அவனை அதட்டவில்லை. அம்மா என்று கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தேன். அது மட்டும்தான் செய்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் என் காது கேட்கவில்லை என்று நினைத்து என் முகத்துக்கு நேரே வந்து கத்தினான். இரண்டாம் நாள் அடித்தான். நான்காம் நாள் சாப்பிட மாட்டேன் என்றான், பெரியவள் ஊட்டினாள். ஒன்பதாம் நாள் குளிக்கும்போது கண்ணில் சோப்பு போய்விட்டது. "அம்மா, எரியுது" என்று கத்தினான். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றிருந்தேன். மூன்று தடவை கத்தினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கதவுதான், அதுவும் தாழ் போடாத கதவு. குவளை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "சித்தி" என்றான்.

போய்க் கண்ணைத் துடைத்தேன்.

அன்றிலிருந்து மாற்றிக் கூப்பிடவில்லை. அந்தச் சொல் காலியாகத்தான் இருக்கிறது அக்கா. ஒரு மணிக்கு வாசலில் நின்றால் இப்போது நடந்து வருகிறான்.

உறைக்குள் எதுவும் தேடாதே. அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அதனால் ஒன்றும் வைக்கவில்லை. போன ஞாயிறு மறுபடி பசை காய்ச்சித் தரையில் தாளை விரித்தேன். பெரியவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாருக்கு?"

"உங்க அம்மாவுக்கு."

"அவங்க நமக்கு என்ன செஞ்சு அனுப்பினாங்க?"

பெரியவள் கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சட்டை அனுப்பினாங்க, பொம்மை அனுப்பினாங்க என்று சொன்னேன். "அது கடையில செஞ்சது" என்றான். "அவங்க கையால?"

ஒரு வருஷமாகத் தாள் இங்கிருந்து மட்டும்தான் போயிருக்கிறது. நமக்கு யாருக்குமே அது தோன்றவில்லை.

அதனால் கேட்கிறேன். அங்கே காகிதம் கிடைக்கும். பசை இல்லாவிட்டால் தைத்துவிடு. பூனையோ மீனோ, எதுவானாலும் சரி, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் நீயே செய். மேல் கட்டில் அக்காவைச் செய்யச் சொல்லாதே. அவன் கண்டுபிடித்துவிடுவான்.

உன் தங்கை